பூட்டவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்

தேவகோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் பெரிய வீட்டை என்ன செய்வது என்று பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் பெரிய வாக்குவாதம். "விற்றுப் பங்கைப் பிரித்துவிடலாம்" என்று ஒரு பக்கம். "அய்யாக்கள் கட்டியது, பிறத்தியார் புழங்கக் கூடாது, பூட்டியே கிடக்கட்டும்" என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் எனக்குச் சம்மதமில்லை. என் காரணம் ஒரு ராக்கெட் ஏவுதளத்தில் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தில் உள்ள 39ஏ தளம், நிலவுக்குப் போவதற்கென்றே 1960களில் கட்டப்பட்டது. 1967 நவம்பரில் நிலவுக்குப் போகும் முதல் சாட்டர்ன்-5 ராக்கெட் இங்கிருந்து கிளம்பியது. அப்போலோ 11 உட்பட, மனிதர்கள் நிலவில் இறங்கிய ஆறு பயணங்களும் இங்கிருந்து புறப்பட்டவைதான். 1972 டிசம்பரோடு நிலவுப் பயணம் நின்றது. தளத்தை நாசா கைவிடவில்லை, விண்ணோடத்துக்காக (போய்த் திரும்பி வந்து மறுபடி பறக்கும் ஸ்பேஸ் ஷட்டில்) மாற்றியது. பழைய நிலவு ராக்கெட் கோபுரம் ஒன்றின் பகுதிகளை எடுத்துத் தளத்திலேயே நிரந்தரக் கோபுரமாக நிறுத்தினார்கள். 1981 ஏப்ரல் 12 அன்று முதல் விண்ணோடம் கிளம்பியது அந்தக் கோபுரத்தின் பக்கத்திலிருந்துதான். கல்பனா சாவ்லாவின் கடைசிப் பயணமும் இங்கிருந்துதான்.

அப்போலோ 11 கிளம்பியபோது நின்ற கோபுரத்தின் கதை வேறு. அதை 1983-ல் பிரித்து, துண்டு துண்டாகத் திறந்தவெளியில் போட்டு வைத்தார்கள். பாதுகாக்க வேண்டும் என்று சிலர் போராடியும் நடக்கவில்லை. துருவேறிக் கிடந்ததை 2004-ல் பழைய இரும்பாக உடைத்தார்கள். வேலைக்குப் போன கோபுரம் பிழைத்தது, வேலையில்லாமல் எடுத்து வைத்தது அழிந்தது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு பதறியது. நம் ஊர்த் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் விலைச்சீட்டோடு சாய்ந்து நிற்பதைப் பார்க்காதவர் யார்?

2011 ஜூலையில் விண்ணோடமும் ஓய்ந்தது. இரண்டு தளங்களைக் கட்டிக் காக்க நாசாவுக்குத் தேவையும் இல்லை, வசதியும் இல்லை. பக்கத்துத் தளமான 39பி-யைத் தன் அடுத்த ராக்கெட்டுக்கு வைத்துக்கொண்டு, 39ஏ-வை 2014 ஏப்ரலில் ஸ்பேஸ்எக்ஸ் என்ற தனியார் ராக்கெட் நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. கவனியுங்கள், விற்கவில்லை. சொத்து இன்றும் நாசாவுடையதுதான். குத்தகைக்காரர் விண்ணோடத்துக்கென்று இருந்த சுழலும் கட்டமைப்பைக் கழற்றினார், அடிவாரத்தில் ராக்கெட் கொட்டகை கட்டினார், அந்த நிரந்தரக் கோபுரத்தை வைத்துக்கொண்டார். 2017-ல் அவர்களின் ஃபால்கன்-9 ராக்கெட்டும், 2018-ல் ஃபால்கன் ஹெவி ராக்கெட்டும் இங்கிருந்து கிளம்பின. கடைசி விண்ணோடத்தின் விமானியாக 2011-ல் இதே தளத்திலிருந்து போன டக் ஹர்லி, 2020 மே 30 அன்று இதே தளத்திலிருந்து ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் மறுபடி விண்வெளிக்குப் போனார்!

அந்தக் குத்தகை கையெழுத்தான அதே 2014-ல்தான் நம் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் ஏறின. பட்டியலில் பெயர் இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்குமா? ஒரு ஓடு விலகினால் போதும், ஒரே மழைக்காலத்தில் உத்திரம் ஊறும், அடுத்து கறையான். ஆள் புழங்குகிற வீட்டில் அன்றைக்கே பார்த்துவிடுவார்கள். பூட்டிய வீட்டில் அடுத்த படைப்புக்கு, அதாவது முன்னோர்களுக்குப் படையல் போட எல்லோரும் கூடும்போது, கதவைத் திறந்தால்தான் தெரியும். கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய வீடுகளைப் போய்ப் பாருங்கள், தரை மின்னுகிறது.

ஆகவே என் கோரிக்கை. பத்திரம் நம் பெயரிலேயே இருக்கட்டும். முகப்பு, வளவு (நடு முற்றமும் சுற்றுக்கட்டும்), தூண்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல், சாமி அறை, இவற்றில் கை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுவோம். பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டிலும் அடுப்படியிலும் குளியலறையோ மின்வேலையோ, வருகிறவர் தேவைக்கு மாற்றிக்கொள்ளட்டும். படைப்பு நாட்களில் வீடு நமக்கு. வாடகைப் பணத்தில் முதல் செலவு ஓடு மாற்றுவதற்கு. பெரியப்பா, அடுத்த கூட்டத்தில் விற்பதா பூட்டுவதா என்று மட்டும் கேட்காமல், இதையும் சேர்த்து எல்லாப் பங்காளிகளிடமும் கேளுங்கள்.