அக்கறை இருக்கு டீச்சர், வழி தெரியல

போன வாரம் மகளின் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவள் மூன்றாம் ஆண்டு. ஷிப்டு முடிந்து, மலேசியாவில் பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியிலிருந்து யூனிஃபார்மோடு அப்படியே போனேன். தலைவர் உரை 1816-இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தது. பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து இன்றைய வீட்டுப்பாடத்துக்கு வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கடைசியில் வழக்கமான வரி: "பெற்றோர் கொஞ்சம் அக்கறை காட்டணும்."

பக்கத்தில் ஒரு பாட்டி. பேரனின் மதிப்பீட்டுத் தாளைக் காட்டிக் கேட்டார்: "நாலுன்னு போட்டிருக்காங்களேம்மா, நூத்துக்கு நாலா?"

சிரிக்காதீர்கள். 1 முதல் 6 வரை போகும் அடைவுநிலை அது. 4 என்றால் பையன் நன்றாகத்தான் படிக்கிறான். ஆறாம் ஆண்டு அரசுப் பரீட்சையான யுபிஎஸ்ஆர் 2021-இல் ரத்தாகும்வரை, எத்தனை தாளில் ஏ என்று 7ஏ, 8ஏ என எங்களுக்கு ஒரு கணக்குப் புரிந்தது. அந்தப் பரீட்சை போனதில் எனக்கு வருத்தமே இல்லை, பிள்ளைகள் பட்ட பாடு போதும். ஆனால் அதற்குப் பதிலாக வந்ததை அந்தப் பாட்டியிடம் யார் உட்கார்ந்து சொன்னார்கள்? கூட்டத்தில் ஸ்லைடு ஓடியது. முக்கால்வாசி மலாயில்.

அக்கறை இல்லாமலா ஓவர்டைம் பார்த்து டியூஷனுக்குக் கட்டுகிறோம்?

வெளியே வரும்போது வகுப்பாசிரியை கூப்பிட்டார். மகளின் கணித நோட்டில் வகுத்தல் பக்கத்தைத் திறந்தார். மீதி வரும் கணக்கெல்லாம் தப்பு. "நீங்க சொல்லிக் குடுக்க வேணாம்மா. உங்களுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லி அவளைக் கேளுங்க. எங்க முழிக்கிறாளோ அங்க பென்சில்ல ஒரு கோடு போட்டு அனுப்புங்க, நான் பாத்துக்கறேன்." ஐந்து நிமிடம்தான்.

அன்று ராத்திரி பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மூன்று கரிபாப் (கறி வைத்த பலகாரம்) 2 வெள்ளி, அதாவது 200 காசு. ஒன்று எவ்வளவு என்று மகளிடம் கேட்டேன். விரலை மடக்கி, உதட்டைக் கடித்து, "66 காசு. ஆனா 2 காசு மிச்சம் வருதேம்மா, அது யாருக்கு?" என்றாள். "எனக்குத்தான்" என்றார் கடைக்கார அக்கா. நோட்டில் பிடிபடாத மீதி அங்கே பிடிபட்டது.

தமிழ்ப்பள்ளியில் பெரும்பாலும் கணிதம் தமிழில்தான். வீட்டில் இங்கிலீஷ் பேசினால்தான் பிள்ளை தேறும் என்று பயமுறுத்தும் டியூஷன் நோட்டீஸை இனி நான் வாங்கப்போவதில்லை.

அடுத்த மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். மாலைக்கும் பொன்னாடைக்கும் போகும் அரை மணி நேரத்தை எங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்கப்போகிறேன். ஒரு டீச்சர், ஒரு நோட்டு, இந்த மாதப் பாடம், அவ்வளவுதான். ஷிப்டு மாற்ற முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் தமிழில் ஒரு வாய்ஸ் மெசேஜ். தனியாகப் போய் நிற்கக் கொஞ்சம் கூச்சம், அதனால் பாட்டியையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார்.