நெறி கட்டுவது எல்லாம் தொண்டையால் அல்ல
கழுத்தில் நெறி கட்டினால் பல், தொண்டை, காது இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணம் என்று இங்கே வந்த கழுத்து நெறி பற்றிய கட்டுரை அடித்துச் சொல்கிறது. தாடைக்குக் கீழே கட்டும் நெறிக்குச் சரி, ஆனால் இடது காரை எலும்புக்கு மேலே கட்டுவதற்கு அந்தக் கணக்கு உதவாது. இரண்டு கால்கள், வயிறு, இடது மார்பு, இடது கை என உடம்பின் பெரும்பகுதி நிணநீரை, அதாவது திசுக்களிலிருந்து வடியும் நீரை, சுமந்துவரும் மார்பு நிணநீர்க் குழாய், இடது கழுத்தின் அடிவாரத்தில் வளைந்து சிரையில் கலக்கிறது. வலப்பக்கம் வருவது வலது தலை, கை, மார்பின் நிணநீர் மட்டும்தான். வயிற்றிலிருந்து நிணநீரோடு வரும் புற்றணுக்கள் இடப்பக்க முடிச்சில் தங்கிவிடலாம், அதனால் இரைப்பைப் புற்றுநோய் சில சமயம் முதலில் தலைகாட்டும் இடமே இடது கழுத்துதான். 1848-லேயே விர்ஷோ என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார், அங்கே நெறி கட்டும் நிணநீர் முடிச்சுக்கு இன்றும் அவர் பெயர்தான். என் பெரியப்பாவுக்கு அங்கே கொட்டைப்பாக்கு அளவில், வலியே இல்லாமல் ஒரு கட்டி. சொத்தைப் பல்லைக் காரணம் காட்டி இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அப்புறம் பார்த்த டாக்டர் கழுத்தைத் தொட்டுவிட்டு, படுக்க வைத்து வயிற்றை அமுக்கினார். கழுத்துக்கு வந்தவரை வயிற்றில் ஏன் அமுக்குகிறார் என்று எங்களுக்குக் குழப்பம். எண்டோஸ்கோபியில்தான் இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் நெறிக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடச் சொல்லியிருக்கிறார். கழுத்து நெறி காசநோயாகவும் இருக்கலாம் ஐயா, அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், மஞ்சள் பத்துப் போடுவது வேலை செய்யாது.