அந்தப் பையில் என்ன இருந்தது

என் மனைவி பெர்லின் மாரத்தானை ஓடி முடித்த அன்று எடுத்த படத்தைப் போட்டிருந்தேன், நேற்று முழுக்க அந்தப் படத்துக்குக் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் பதக்கத்தோடு அவள், பக்கத்தில் தோளில் பையோடு நான், பின்னால் தூரத்தில் பிராண்டன்பர்க் வாயில். அதற்குக் கீழே, ஓட்டக் குழுவில் எல்லோரும் மதிக்கிற ஓர் அண்ணன், "ஓடினது தங்கச்சி, பை தூக்கினது மாப்பிள்ளை. செம டூர்!" என்று எழுதினார். அதற்கு நூற்றுக்கு மேல் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் எனக்கு நேரில் பழக்கம்.

முதலில் நானும் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டூர் போகவில்லை. பெர்லினில் ஐந்து நாள் இருந்தோம், அந்த ஐந்து நாளில் நான் பார்த்தது இவ்வளவுதான்: ஓட்ட எண் அட்டை கொடுத்த டெம்பல்ஹோஃப் பழைய விமான நிலையம், தங்கியிருந்த அறை, பாதாள ரயில், ஓட்டம் நடந்த சாலைகள். ஓட்டத்துக்கு முன்னால் அதிகம் நடக்கக் கூடாது, கால் சோர்ந்துவிடும். அதனால் வெள்ளியும் சனியும் அறையிலேயே இருந்தோம். ஓட்டம் முடிந்த மறுநாள் அவளால் படி இறங்க முடியவில்லை. முழு மாரத்தான் ஓடியவர்களுக்குத் தெரியும், ஏறுவதைவிட இறங்குவதில்தான் தொடை உயிர் போகும். ரயில் நிலையப் படியில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினாள், நான் இரண்டு படி கீழே நின்று, வருகிறவர்கள் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டு இறங்கினேன். இதுதான் அண்ணன் சொன்ன டூர்.

சரி, பையைப் பற்றிப் பேசுவோம். அதில் என்ன இருந்தது என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம். நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் கால் வீங்கும் என்பதால் ஒரு அளவு பெரிய செருப்பு. உலர்ந்த முழுக்கைச் சட்டை, ஒரு துண்டு, தைலம். அவளுடைய மூக்குக்கண்ணாடி, ஏனென்றால் ஓடும்போது லென்ஸ் போட்டுக்கொள்வாள், முடிந்தவுடன் கண் எரியும். இரண்டு பேரின் பாஸ்போர்ட். அவளுடைய போன், அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஓடுவதில்லை. அப்புறம், சின்ன ஜிப் அறைக்குள் அவளுடைய மோதிரம். நீண்ட ஓட்டத்தில் விரலும் வீங்கும், அதனால் தொடங்கும் இடத்துக்குப் போகும் முன் கழற்றி என் கையில் கொடுத்தாள். அன்று காலையிலிருந்து சாயங்காலம் வரை எத்தனை தடவை அந்த ஜிப்பைத் தொட்டுப் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

அந்தப் பையைத் தூக்கியதற்கு எனக்கு ஒரு பொட்டு வெட்கமும் இல்லை. அதைச் சிரிப்பாக்கியதுதான் வலிக்கிறது.

முந்தின நாள் ராத்திரியைச் சொல்ல வேண்டும். எண் அட்டையைச் சட்டையில் குத்த நான்கு ஊக்கு. அவளுக்குக் கை நடுங்கியது. "நீங்க குத்துங்க, எனக்கு நேரா வரமாட்டேங்குது" என்றாள். மூன்று தடவை கழற்றிக் குத்தினேன், ஒரு பக்கம் ஏறினால் ஓடும்போது உரசிப் புண்ணாகும். பதினாறு வாரப் பயிற்சி, குலுக்கலில் இடம் கிடைக்கக் காத்திருந்த காலம், விசாவுக்கு அலைந்தது, எல்லாம் சேர்ந்து அந்த நான்கு ஊக்கில் வந்து நின்ற மாதிரி இருந்தது. பிராண்டன்பர்க் வாயிலுக்குள் ஒரு தடவை ஓட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. 1990 செப்டம்பர் 30 அன்று, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாவதற்கு மூன்று நாள் முன்னால், முதல் முறையாக மாரத்தான் அந்த வாயிலைக் கடந்து கிழக்கு பெர்லினிலும் ஓடியது. அதை எங்கேயோ படித்துவிட்டு வந்து என்னிடம் சொன்ன அன்றே முடிவு செய்துவிட்டாள்.

"கூடப் போய் நிற்பதில் என்ன பெரிய வேலை?" என்று ஒருவர் எழுதியிருந்தார். பெரிய வேலை என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் சும்மா நிற்பது இல்லை. 50,000க்கு மேல் ஆட்கள் ஓடுகிற கூட்டத்தில் ஒருவரைக் கண்ணால் பிடிப்பது தானாக நடக்காது. எந்த இடம், சாலையின் எந்தப் பக்கம், கையில் என்ன நிறம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். ஓடுகிறவர் வரும் திசையைப் பார்த்தால் இடப்பக்கமா, நிற்கிறவர் பார்த்தால் இடப்பக்கமா என்பதிலேயே நாங்கள் ஒரு முறை வேறொரு ஓட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டிருக்கிறோம். ஓட்டம் போகும் சாலையைக் குறுக்கே கடக்க விடமாட்டார்கள், அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் ரயில் நிலையத்துக்குள் இறங்கி ஏற வேண்டும். பதினான்காவது கிலோமீட்டர் பக்கம் ஹெர்மன்பிளாட்ஸில் பார்த்தேன், கையை ஆட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே போனாள். அங்கிருந்து ரயில் மாறி முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் போட்ஸ்டாமர் பிளாட்ஸுக்குப் போய் நின்றேன்.

போனில் ஒரு செயலி இருக்கும், அதில் நம் ஆள் ஒரு புள்ளியாக நகர்வார். அந்தப் புள்ளியை நம்பாதீர்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை தரையில் விரித்திருக்கும் பாயை மிதிக்கும்போதுதான், ஓடுகிறவர் மேல் இருக்கும் சிப் வழியாக உண்மையான நேரம் பதிவாகும், இடையில் செயலி பழைய வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் புள்ளியை நகர்த்திக்கொண்டிருக்கும். முப்பதாவது கிலோமீட்டர் வரை ஐந்து கிலோமீட்டருக்கு முப்பத்து நான்கு, முப்பத்தைந்து நிமிஷம் என்று சீராக வந்துகொண்டிருந்தாள். அதற்கப்புறம் புள்ளி முப்பத்தைந்தைத் தாண்டி ஓடியது, ஆனால் முப்பத்தைந்தாவது கிலோமீட்டர் நேரம் பதிவாகவே இல்லை. முப்பத்தெட்டு நிமிஷம், நாற்பது, நாற்பத்திரண்டு. உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்து ஏறக்குறைய தீர்ந்துபோகிற இடம் அது, ஓடுகிறவர்கள் சுவரில் மோதுவது என்று சொல்வார்களே, அது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் கால் கிடுகிடுவென்று ஆடியது. நாற்பத்து நான்காவது நிமிஷம் நேரம் விழுந்தது. பக்கத்தில் நின்ற, மொழி தெரியாத ஒரு பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டிக் கொடுத்தார். அவர் யாருக்காக நின்றார் என்று தெரியாது. யாரோ ஒருவருக்காக நின்றார்.

அவள் வந்தாள். கன்னத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் "முடியலங்க" என்றாள், அவ்வளவுதான். "நாலு கிலோமீட்டர்தான், நான் அந்தப் பக்கம் இருப்பேன், வா" என்றேன். தடுப்புக்கு இந்தப் பக்கம் ஆட்களை இடித்துக்கொண்டு ஐம்பது மீட்டர் கூடவே ஓடினேன், அதற்கு மேல் கூட்டம் விடவில்லை. நான் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, தூக்கிவிடவில்லை, அவளுக்காக ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. 42.195 கிலோமீட்டரும் அவளுடையது. அதில் எனக்குப் பங்கு வேண்டும் என்று நான் என்றைக்குமே கேட்டதில்லை.

"அப்போ எதுக்கு இவ்வளவு கோபம்? விளையாட்டாச் சொன்னதைப் பெரிசு பண்றீங்க" என்று மூன்று பேர் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். விளையாட்டுதான், எனக்கும் புரிகிறது. அந்த அண்ணன் கெட்டவர் இல்லை, என் மனைவிக்கு முதன்முதலில் ஓடுகிற செருப்பு எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் விளையாட்டு என்பது இரண்டு பக்கமும் சிரிக்க வேண்டியது. அந்த வரியைப் படித்துவிட்டு அவள் என்னிடம், "நான் உங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதோ" என்று கேட்டாள். பதக்கம் வாங்கிய நான்காம் நாள் ஒரு பெண் கேட்கிற கேள்வியா இது?

செலவைப் பற்றிப் பேசியவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. எங்கள் சேமிப்பு, எங்கள் விருப்பம்.

"எத்தனையோ பேர் தனியாகப் போய் ஓடிவிட்டு வருகிறார்களே" என்பது நியாயமான பேச்சு. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. தனியாகப் போக முடியும் என்பதால் துணைக்குப் போவது வீண் என்று ஆகிவிடுமா? என் மனைவியும் தனியாகப் போய் ஓடக் கூடியவள்தான். கூட வரச் சொன்னாள், போனேன்.

"கைதட்டினால் கால் ஓடுமா?" என்றும் ஒருவர். ஓடிப் பாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பாஸ்டன் மாரத்தானில் பாதித் தூரத்தில் வெல்லெஸ்லி கல்லூரி மாணவிகள் வரிசையாக நின்று கத்துவார்கள், அந்தச் சத்தம் ஓடுகிறவர்களுக்கு வெகு தூரத்திலேயே கேட்கும், அந்த இடத்துக்கே அலறல் சுரங்கம் என்ற அர்த்தத்தில்தான் பெயர். அங்கே ஓடியவர்களைக் கேளுங்கள், நேரத்தை மறந்திருந்தாலும் அந்த இடத்தை மறந்திருக்க மாட்டார்கள். அதே பாஸ்டனில் 2013 ஏப்ரல் 15 அன்று முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் குண்டு வெடித்தபோது அந்த இடத்தில் இறந்த மூன்று பேரில் ஒருவரும் ஓட்டக்காரர் இல்லை. மூவரும் பார்க்க வந்து ஓரத்தில் நின்றவர்கள், ஒருவன் எட்டு வயதுப் பையன். இதை ஏன் இங்கே கொண்டு வருகிறாய் என்று கேட்பீர்கள். ஓரத்தில் நிற்கிறவர்கள் வேலையற்றுப் போய் நிற்கிறவர்கள் இல்லை என்பதற்காகக் கொண்டு வருகிறேன், அவ்வளவுதான், வேறெதற்கும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் நேற்றிலிருந்து உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கேலி என்னைப் பற்றியது மட்டுமா? ஒரு பெண் ஓடுகிற ஓட்டத்துக்காக ஒரு ஆம்பளை லீவு போட்டு, கடல் தாண்டிப் போய், பையோடு நிற்பது சிரிப்பாக இருக்கிறது என்றால், அவளுடைய ஓட்டம் அந்த அளவுக்குப் பெறாது என்றுதானே அர்த்தம்? 1967-இல் பாஸ்டனில் கேத்ரின் சுவிட்சர் என்ற பெண் 261 என்ற எண்ணோடு ஓடியபோது போட்டி அதிகாரி ஒருவர் ஓடி வந்து அந்த எண்ணைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தார். கூட ஓடிய கேத்ரினின் காதலர் அந்த அதிகாரியை இடித்துத் தள்ளினார், கேத்ரின் ஓடி முடித்தார். பாஸ்டனில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டதே 1972-இல்தான், ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு மாரத்தான் வர 1984 ஆனது. இப்போது யாரும் எண்ணைக் கிழிக்க வருவதில்லை, சரி. ஆனால் கூட நின்றவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

இதை எழுதும்போது எனக்கே ஒன்று உறுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை. நம் குழுவில் ஓர் அக்கா பல வருஷமாகக் கணவரோடு ஊர் ஊராகப் போகிறார். திரும்பி வரும்போதெல்லாம் "அண்ணன் ஓடினாரு, அக்கா எவ்வளவு ஷாப்பிங் பண்ணீங்க?" என்று கேட்பார்கள். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும், என்னை மன்னித்துவிடுங்கள். எனக்கு என் முறை வந்தபோதுதான் உறைத்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பது நாள் அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். படுத்திருந்தது நான், கத்தி பட்டது எனக்கு. அவளிடம் போய் "நீ என்னம்மா செஞ்ச?" என்று யாராவது கேட்டார்களா? "பை தூக்கினாயா?" என்று கேட்டார்களா? அவள் தூக்கினாள், என் மருந்துப் பையை, என் துணிப் பையை, எல்லாவற்றையும். நான் மறுபடி நடக்கப் பழகியபோது காலையில் கூட நடக்க ஆரம்பித்தவள்தான் பிற்பாடு ஓட ஆரம்பித்தாள். நான் அவள் வேகத்துக்கு ஓட முடியாது, டாக்டர் ஓடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அவள் முப்பது கிலோமீட்டர் ஓடும்போது நான் சைக்கிளில் தண்ணீரோடு பின்னால் போகிறேன். இது உங்களில் பலருக்குத் தெரியாது, சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நான் நினைத்ததில்லை. நேற்று நீங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் இன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். 5 மணி 12 நிமிஷம் என்று செயலி காட்டியது, முடித்துவிட்டாள். ஆனால் முடித்தவர்கள் இருக்கும் பகுதிக்குள் நம்மை விடமாட்டார்கள். பெயரின் முதலெழுத்து எழுதி வைத்திருக்கும் இடத்தில் போய்க் காத்திருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள் என்று நின்றேன். இருபது ஆயிற்று, முப்பது ஆயிற்று. அவளுடைய போன் என் பையில். ஓடிக்கொண்டிருந்த உடம்பு சட்டென்று நின்றால் இரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும் என்று படித்திருந்தது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. ஐம்பது நிமிஷம் கழித்து, மேலே போர்த்திவிட்ட மெல்லிய போர்வையோடு மெதுவாக வந்தாள். முதலுதவிக் கூடாரத்தில் காலை உயர்த்திப் படுக்க வைத்திருந்தார்களாம். கீழே உட்கார வைத்து, அவளால் குனிய முடியாததால் நான்தான் ஷூ கயிற்றை அவிழ்த்தேன். வலது பெருவிரல் நகம் கறுத்திருந்தது. செருப்பை மாட்டிவிட்டேன், கண்ணாடியைக் கொடுத்தேன். மோதிரத்தை எடுத்தேன், விரல் வீக்கத்தில் ஏறவில்லை, "வையுங்க, அப்புறம் போட்டுக்கலாம்" என்றாள். மறுபடி அதே ஜிப்புக்குள் வைத்தேன். அப்போது யாரோ முன்பின் தெரியாதவர் எடுத்துக் கொடுத்த படம் அது.

நேற்று ராத்திரி அவள் அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னாள். பையை வெட்டிவிட்டுப் போடலாமே என்று ஒருவர் யோசனையும் சொன்னார். படம் அப்படியேதான் இருக்கும், பையோடு.