ஐப்பசியில் யார் வருகிறீர்கள்?

வெள்ளையடிக்கப் பணம் கேட்டால் எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். கல்யாணம் வருகிறது, முகப்பு பளிச்சென்று இருக்க வேண்டாமா? கூரைச் சரிவுகள் சேரும் கூடல்வாயில் தகடு இற்றுவிட்டது, மழைக்கு முன் மாற்ற வேண்டும் என்று போன ஆவணியில் நான் எழுதியதற்குக் கட்டைவிரல் படம் நான்கு வந்தது. பணம் வரவில்லை.

செட்டிநாட்டில், ஊருணிக்கரையில் இருக்கிறது எங்கள் பெரிய வீடு. 11 புள்ளிக்குப் பங்கு; கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால் திறப்போம். மூன்றாம் நாள் பூட்டிவிட்டு ரயிலேறுவோம். மற்ற மாதங்களில் அந்த வீடு என்ன பாடுபடுகிறது என்பது சாவி வைத்திருக்கும் அக்காவுக்குத்தான் தெரியும்.

போன மார்கழியில் திறந்தபோது வௌவால் நாற்றம் முகத்தில் அடித்தது. இரண்டாம் கட்டில் கூடல்வாய்க்கு நேர் கீழே சுவர் ஊறி, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசியதாகச் சொல்வார்களே, அந்தச் சுண்ணாம்புப் பூச்சு கையளவு கையளவாகப் பெயர்ந்து கிடந்தது. கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று ஒன்று, ஆறு இலையோடு. பர்மாத் தேக்குத் தூணைக் கரையான் தொடவில்லை. பக்கத்து அறையில் இருந்த ஐயா காலத்துக் கணக்கு நோட்டுகளைத் தின்று தீர்த்திருந்தது. கால் படப் பட மினுங்கும் ஆத்தங்குடிக் கற்கள் சாம்பல் பூத்திருந்தன.

கனடாவில் இருக்கும் என் மகள் சொல்வாள்: அங்கே ஏரிக்கரைக் கோடைவீட்டுக்காரர்கள் குளிர்காலத்துக்குப் பூட்டும் முன் குழாய்த் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுவார்களாம். விட்டால் உறைந்து குழாய் வெடித்துவிடும். அவர்களுக்குப் பனி என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. இந்த வீட்டைக் கட்டியவர்கள் மழையை எண்ணித்தான் கட்டினார்கள். கூரையில் விழுவது முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே ஊருணிக்குப் போகும். வழியில் ஒரு கைப்பிடிச் சருகு அடைத்தால் போதும், அத்தனையும் சுவருக்குள் இறங்கிவிடும். அந்தச் சருகை அள்ள ஆள் வேண்டும். அக்காவுக்கு நாம் கொடுக்கும் மாதச் சம்பளத்தை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. நாமும் பெருமையாகப் பகிர்ந்தோம். பட்டியலா வந்து ஓடு மாற்றும்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், யார் யார் வீட்டு நிலையும் கதவுமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆகவே பங்காளிகளே, கல்யாணத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை. புள்ளிக்கு ஒரு வாரம், மழையில் வாருங்கள். எங்கே ஒழுகுகிறது என்று நின்று பாருங்கள். மருமகளாக வந்தவள் நான். எனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

முதல் வாரத்துக்குப் பல்லவன் ரயிலில் டிக்கெட் எடுத்துவிட்டேன். அக்காவிடம் போனில் சொன்னேன்.

"ஐப்பசியிலா? என்ன விசேஷம் ஆச்சி?"

"ஒன்றுமில்லை அக்கா, சும்மாதான்."

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டார்: "பால் அரை லிட்டர் சொல்லவா, ஒரு லிட்டரா?"