வண்டிப்பாதைப் புறம்போக்கு

(அமெரிக்காவின் யூட்டா மாநிலம், சால்ட் லேக் சிட்டியில் ஒரு வீடு. அதே மாநிலத்தின் செம்பாறை ஊரான மோவாபில், கரடுமுரடான பாதையில் ஓட்டும் வாடகை ‘சைட்-பை-சைட்’ வண்டியில் பாறை பாறையாக ஏறி இறங்கிவிட்டு வந்த மறுநாள் காலை. மாப்பிள்ளை லேப்டாப் முன்னால். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலரான மாமா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறார். காதிலிருந்து இன்னும் செம்மண் உதிர்கிறது.)

மாமா: காலையிலேயே ஆபீஸ் வேலையா மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: மனு எழுதுகிறேன் மாமா. எந்தப் பாதையை வண்டிக்கு விடலாம், எதை மூடலாம் என்று பி.எல்.எம். கருத்துக் கேட்கிறது. 2023-இல் மோவாப் அருகே லாபிரிந்த் கேன்யன் என்ற ஆற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம் மட்டும் 317 மைல் பாதையை வண்டிக்கு மூடிவிட்டார்கள்.

மாமா: பி.எல்.எம். யாரு?

மாப்பிள்ளை: மத்திய அரசின் நில நிர்வாகத் துறை. சுமார் 24.5 கோடி ஏக்கர் அவர்கள் கையில்.

மாமா: (தைலக் கை நிற்கிறது) அவ்வளவும் புறம்போக்கா?

மாப்பிள்ளை: பொது நிலம் மாமா.

மாமா: அதைத்தான் நானும் சொல்கிறேன். அரை ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கைக் காப்பாற்றுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஒரு கோவில், இரண்டு டீக்கடை, மூன்று கட்சிக் கொடிக்கம்பம். இங்கே ஒரு டீக்கடைகூடக் காணோம்! சரி, மனுவைப் படியுங்கள்.

மாப்பிள்ளை: “பொது நிலம் பொதுமக்களுக்கே! பூட்டாதே, பூட்டாதே!”

மாமா: இது மனு இல்லை, ஊர்வலம்.

மாப்பிள்ளை: எங்கள் குழுவில் எல்லோரும் இதையே அனுப்புகிறோம்.

மாமா: தாலுகா ஆபீசுக்கு அப்படி வந்தால் ஒன்றைக் கோப்பில் வைப்போம், மீதியில் வடை வைப்போம்.

மாப்பிள்ளை: இங்கேயும் அப்படித்தான் போல. இது ஓட்டெடுப்பு இல்லை, தலை எண்ண மாட்டோம் என்கிறார்கள்.

மாமா: பின்னே? எந்தப் பாதை, என்ன எண், எங்கே முடிகிறது, மூடினால் யாருக்கு என்ன நட்டம். அதை எழுதுங்கள்.

மாப்பிள்ளை: நேற்று கடைசியாகப் போனோமே, ஆற்றைப் பார்த்த மேட்டில் முடிந்தது, அதுதான். அந்தப் பக்கத்தில் நிறையப் பாதை 1950-களில் யுரேனியம் தேடியவர்கள் போட்டது.

மாமா: அடடே, அனுபவ பாத்தியதை! சட்டம் ஏதாவது கைவசம்?

மாப்பிள்ளை: 1866-இல் ஒரு சட்டம், பொது நிலத்தின் குறுக்கே சாலை போட உரிமை கொடுத்தது. 1976-இல் ரத்து. ஆனால் அதற்கு முன்பே பிறந்த உரிமை செல்லும். அதை வைத்துத்தான் யூட்டா மாநிலம் ஆயிரக்கணக்கான பாதைகளுக்கு உரிமை கோருகிறது.

மாமா: வண்டிப்பாதைப் புறம்போக்கு! எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது?

மாப்பிள்ளை: சத்தம். நடப்பவர்களுக்கும் ஆற்றில் படகில் போகிறவர்களுக்கும் நிம்மதி இல்லையாம். மண்ணுக்கும் விலங்குக்கும் மற்றவர்களுக்கும் தொந்தரவு குறையும்படிதான் பாதை ஒதுக்க வேண்டும் என்று 1972-இல் அதிபர் நிக்ஸன் உத்தரவே போட்டிருக்கிறார்.

மாமா: சத்தம் உண்மைதானே? நேற்று நீங்கள் “இடது பக்கம்” என்று கத்தியதை “இட்லி பார்சல்” என்று கேட்டு, மூன்று மைல் ஆசையோடு வந்தேன்.

மாப்பிள்ளை: அதை எழுத வேண்டாம். இதைக் கேளுங்கள்: “என் மாமனாருக்கு வயது 71. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. வண்டி இல்லாவிட்டால் அவர் அந்த மேட்டை ஜென்மத்துக்கும் பார்த்திருக்க முடியாது.”

(மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.)

மாமா: ஆறு அப்படி வளைந்து கிடந்ததே... கால் நல்லா இருக்கிறவனுக்கு மட்டும்தான் என்றால் அது எனக்கு இல்லை. இதை முதல் பத்தியில் வையுங்கள். ஆனால் “தேய்ந்துவிட்டன” வேண்டாம், சம்பந்தி காதுக்குப் போகும். “ஓய்வில் உள்ளன” என்று போடுங்கள்.

மாப்பிள்ளை: சாட்சிக்கு போட்டோவும் இணைக்கிறேன். மேட்டில் நீங்கள், பக்கத்தில் வண்டி.

மாமா: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு) இதென்ன, கருப்பாய்ப் பொருக்குத் தட்டின மண்? இதில் ஒண்ணுக்குப் போக இறங்கியதற்குத்தானே என் மேல் பாய்ந்தீர்கள்?

மாப்பிள்ளை: அது உயிருள்ள மண் மாமா. பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து மண்ணைக் காற்றில் பறக்காமல் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு மிதி மிதித்தால் பழையபடி ஆகப் பல வருஷம். பாதையை விட்டு இறங்கவே கூடாது.

மாமா: ஒரு மிதிக்கே பல வருஷம். சரி, அதன் மேல் இரண்டு டயர் தடம் வளைந்து போகிறதே?

மாப்பிள்ளை: ...திருப்பும்போது... லேசாக...

மாமா: நம்பர் பிளேட் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

மாப்பிள்ளை: அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிடலாமா?

மாமா: வெட்டினால் வண்டி போய்விடும் மாப்பிள்ளை. அப்புறம் நான் நடந்தே வந்தேன் என்று ஆகிவிடும்.