அந்தத் தாயைக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள்

உடம்பு முடியாமல் கிடந்த ஒரு குழந்தை இறந்துவிட்டது. இரண்டு நாளாக எல்லோரும் அதன் தாயைத்தான் கேட்கிறீர்கள். "குழந்தைக்கு அவ்வளவு முடியாமல் போகும்வரை என்ன செய்துகொண்டிருந்தாள்?" அடி வாங்கிக்கொண்டிருந்தாள். செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, கதவை வெளியே பூட்டிவிட்டு அவள் கணவன் போனதை அக்கம்பக்கத்தார் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அப்புறமும் கேள்வி அவளுக்குத்தானா?

என் அக்கா இதை அனுபவித்திருக்கிறாள். பையனுக்கு எட்டு மாதம், ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. அவளுக்கோ முகம் ஒரு பக்கம் வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. அந்த முகத்தோடு வாசல் தாண்டக்கூடாது என்று மாமாவின் உத்தரவு. மறுநாள் மதியம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்று, மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். உடனே அக்காவிடம், "படிச்ச பொண்ணுதானே, இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?" என்றார். மாமா பக்கத்திலேயே நின்றார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். முந்தின ராத்திரியே ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுக்க முடிந்திருந்தால் அந்த நிலைக்கே போயிருக்க மாட்டான்.

"அவன் குழந்தையைத் தொடக்கூட இல்லையே" என்கிறீர்கள். தொட வேண்டாம். கர்ப்பிணியின் வயிற்றில் விழும் உதையில் நஞ்சுக்கொடி பிரிந்துவிடலாம், குறைமாதத்தில் எடை குறைவாகக் குழந்தை பிறக்கலாம். உலகில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிறந்த முதல் மாதத்திலேயே போய்விடுகிறார்கள். அதைத் தாண்டினாலும் தாய்ப்பால், தடுப்பூசி, காய்ச்சல் என்றால் உடனே கிளம்புவது, எல்லாமே அந்தத் தாயின் உடம்பையும் மனசையும் நம்பித்தான் இருக்கிறது. மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் லியோன் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், கணவனிடம் அடியும் பாலியல் வன்முறையும் அனுபவித்த தாய்மாரின் குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறக்கும் ஆபத்து, அப்படி எதுவும் அனுபவிக்காத தாய்மாரின் குழந்தைகளைவிடச் சுமார் ஆறு மடங்கு என்று வந்தது. அடி அவளுக்கு, சாவு குழந்தைக்கு. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வறுமைதான் காரணம் என்பவர்களுக்கு: சரி, அதுவும் காரணம்தான். ஆனால் வறுமை கதவைப் பூட்டிவிட்டுப் போகாது. ஆண்களும் அடி வாங்குகிறார்களே என்பவர்களுக்கு: அதை இன்னொரு நாள் பேசுவோம், இப்போது ஒரு குழந்தை செத்திருக்கிறது.

எனக்குத் தாங்கவே முடியாதது வேறு ஒன்று. "குழந்தைக்காகப் பொறுத்துக்கோ." இன்று அந்தப் பெண்ணைத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொல்லியிருப்பீர்கள்? எந்தக் குழந்தைக்காக? பால் வற்றிப்போன தாயின் மடியில் கிடக்கிற குழந்தைக்காகவா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவே அனுமதி கேட்டு நிற்கிறவளின் குழந்தைக்காகவா? அக்காவிடம் அதைச் சொன்னவர்களில் எங்கள் அம்மாவும் ஒருவர். அந்த மதியத்துக்கு அப்புறமும் சொன்னார். அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.