தட்டில் இருப்பதில் பெருங்குடலுக்கு என்ன போகிறது?

எண்ணெய்ப் பலகாரம் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊரில் அது கொலஸ்ட்ராலில் தொடங்கி கொலஸ்ட்ராலிலேயே முடிந்துவிடுகிறது. இதயம், ரத்தக்குழாய், அடைப்பு, அவ்வளவுதான். குடல் என்று ஒன்று இருப்பது யார் கணக்கிலும் வருவதில்லை. கடலூரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறவள் நான். செரிமானப் பாடம் என்றாலே சிறுகுடல்தான் கதாநாயகன். பெருங்குடல் வந்ததும் "தண்ணீரை உறிஞ்சும்" என்ற வரியோடு தாண்டிப் போவதுதான் எங்கும் வழக்கம். ஆனால் கடந்த இருபது வருடங்களில் சர்க்கரை நோய், உடல் பருமன் பற்றி வந்த புதிய ஆராய்ச்சிகளில் பெரிய பங்கு அந்தப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஏன் இது நம் ஊர்க் கவலை என்று சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் இண்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாடு முழுக்கப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவா மட்டும்தான் அதைவிட ஒரு துளி அதிகம், 26.4. புதுச்சேரி நமக்கு ஒரு பஸ் தூரம். அங்கே சாப்பிடுவதைத்தான் இங்கேயும் சாப்பிடுகிறோம்: அதே பொன்னி அரிசி, அதே சாயங்கால பஜ்ஜி, அதே ராத்திரி பரோட்டா.

சரி, கொழுப்புக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன சம்பந்தம்? கொழுப்பைக் கரைக்கக் கல்லீரல் பித்தநீரை அனுப்புகிறது. கொழுப்பு கூடக் கூடப் பித்தநீரும் கூடும். சிறுகுடலின் முடிவில் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்பட்டாலும், மிச்சம் பெருங்குடலுக்குள் இறங்கும். அங்கே உள்ள பல பாக்டீரியாக்களுக்குப் பித்தநீர் ஆகாது. அதைத் தாங்குகிறவை பெருகும், தாங்காதவை ஒடுங்கும். 2014-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், தன்னார்வலர்கள் ஐந்து நாள் இறைச்சி, முட்டை, சீஸ் மட்டும் சாப்பிட்டார்கள். அந்த ஐந்து நாளுக்குள்ளேயே பைலோஃபிலா போன்ற பித்தநீர் தாங்கும் வகைகள் கூடின, தாவர நாரைச் செரிக்கும் வகைகள் குறைந்தன. வருடக்கணக்கு எல்லாம் வேண்டியதில்லை, ஒரு பொங்கல் விடுமுறை போதும்.

அடுத்தது வீக்கம். வெளியே தெரியும் வீக்கம் இல்லை, ரத்தத்தில் ஓயாமல் ஓடும் மெல்லிய அழற்சி. குடல் பாக்டீரியாக்களில் ஒரு பிரிவின் வெளிச்சுவரில் எல்.பி.எஸ். என்ற பொருள் இருக்கிறது. நம் எதிர்ப்பு சக்திக்கு அதைக் கண்டாலே ஆகாது. கொழுப்பு உறிஞ்சப்படும்போது அதோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் எல்.பி.எஸ்.ஸும் ரத்தத்துக்குள் போய்விடுகிறது. பெல்ஜிய ஆராய்ச்சியாளர் பத்ரிஸ் கானியும் சக ஆய்வாளர்களும் 2007-இல் எலிகளுக்கு நான்கு வாரம் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் எல்.பி.எஸ். இரண்டு மூன்று மடங்கு ஏறியது. அப்புறம் அவர்கள் செய்ததுதான் முக்கியம். வேறு எலிகளுக்குச் சாதாரணத் தீனியே கொடுத்து, எல்.பி.எஸ்.ஸை மட்டும் சிறிது சிறிதாக உடலுக்குள் செலுத்தினார்கள். அந்த எலிகளுக்கும் எடை கூடியது, கல்லீரலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. அழற்சி வழியாகவும் சர்க்கரை நோய்க்கு ஒரு பாதை இருக்கிறது என்று அப்போதுதான் பலர் கவனித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு உடனே நெய் டப்பாவைத் தூக்கி எறிய வேண்டாம். பல எலி ஆய்வுகளில் "கொழுப்பு மிகுந்த தீனி" என்றால் கலோரியில் 60 சதவீதமும் அதற்கு மேலும் கொழுப்பு. எந்த வீட்டிலும் அப்படிச் சமைப்பதில்லை. பல ஆய்வுகளில் அந்தத் தீனியில் நார்ச்சத்தும் மிகக் குறைவு. அப்படியானால் கெடுத்தது கொழுப்பா, நார் இல்லாததா? நேர்மையாகச் சொன்னால் இரண்டும் சேர்ந்துதான். மனிதர்களில் செய்த நல்ல ஆய்வு ஒன்று சீனாவில் நடந்தது, 2019-இல் வெளியானது. 217 ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று குழுவாகப் பிரித்து, கலோரியில் 20, 30, 40 சதவீதம் கொழுப்பு வருமாறு ஆறு மாதம் உணவு கொடுத்தார்கள். எண்ணெய் சோயா எண்ணெய்தான். 40 சதவீதக் குழுவில் ஃபீகலிபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியா குறைந்தது, அழற்சிக்கான அறிகுறிகள் ரத்தத்தில் கூடின. 20 சதவீதக் குழுவில் அந்த பாக்டீரியா கூடியது. இத்தனைக்கும் மூன்று குழுவிலும் எடை கொஞ்சம் குறையத்தான் செய்தது! தராசு மட்டும் பார்த்தால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஃபீகலிபாக்டீரியம் குறைந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். நம்மால் செரிக்க முடியாமல் பெருங்குடலுக்கு வரும் நாரைச் சாப்பிட்டு பியூட்டிரேட் என்ற சின்னக் கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும் பாக்டீரியா அது. பெருங்குடலின் உள்சுவர் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் இந்த பியூட்டிரேட்டிலிருந்துதான் எடுக்கின்றன. நார் வரவில்லை என்றால் பாக்டீரியாக்கள் சும்மா இருக்காது. 2016-இல் மிஷிகன் பல்கலைக்கழகக் குழு மனிதக் குடல் பாக்டீரியாக்களை எலிகளில் வளர்த்து நாரை நிறுத்திப் பார்த்தது. அவை குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்ன ஆரம்பித்தன.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது கணக்கு எடுக்கும் சார் கேட்டார். "டீச்சர், நாம என்ன வெண்ணெயா திங்கறோம்? சோறு திங்கற கூட்டம். கொழுப்பு வெள்ளைக்காரன் பிரச்சினை." கேள்வி நியாயமானதுதான். நம் நாட்டுத் தட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்று அதே இண்டியாப் குழு சொல்கிறது. ஆனால் அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தீட்டிய அரிசியும் மைதாவும் எண்ணெயும் ஒரு விஷயத்தில் ஒன்று. மூன்றும் ஏறக்குறைய முழுசாகச் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பரோட்டாக் கடை முன்னால் நின்று பாருங்கள். மைதா உருண்டைகள் எண்ணெயில் ஊறிக்கொண்டு வரிசையாக இருக்கும். மாஸ்டர் ஒன்றை எடுத்து வீசி, மடித்து, சுருட்டி, கல்லில் போடுவார். மேலே ஒரு கரண்டி எண்ணெய். வெந்ததும் நாலைந்தை ஒன்றாக அடுக்கி இரண்டு பக்கமும் கையால் அடித்து உதிர்ப்பார். இலையில் போட்டுப் பிய்த்து, மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும் சால்னாவை ஊற்றுவார்கள். வாசனைக்கே பசிக்கும், அதில் எனக்கு மறுப்பில்லை. அந்த இலையில் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கென்று என்ன இருக்கிறது? ஓரத்தில் வைக்கிற நாலு துண்டு பச்சை வெங்காயம். அதில் ஃப்ரக்டான் என்ற நார் உண்டு, பாக்டீரியாக்களுக்கு ரொம்பப் பிடித்தது. அதையும் பாதிப் பேர் ஒதுக்கிவிட்டுக் கை கழுவப் போகிறார்கள்.

இன்னொரு பக்கம் நம் மாவட்டத்து வேர்க்கடலையைப் பாருங்கள். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்களைப் பயிரிடுகிற மண் இது. கடலையில் கிட்டத்தட்ட பாதி கொழுப்பு. ஆனால் நூறு கிராமுக்கு எட்டு கிராம் அளவுக்கு நாரும் இருக்கிறது. அவித்த கடலையை மென்று தின்றால் இரண்டும் சேர்ந்து போகும், கொழுப்பில் ஒரு பங்கு செரிக்காமல் நாரோடு கீழே இறங்கிவிடும். அதே கடலையைச் செக்கில் ஆட்டினால்? நார் முழுக்கப் பிண்ணாக்கில். அரிசியைத் தீட்டினால் நார் தவிட்டில். பிண்ணாக்கும் தவிடும் மாட்டுத் தொட்டிக்குப் போகின்றன. எண்ணெயையும் வெள்ளைச் சோற்றையும் நாம் வைத்துக்கொள்கிறோம். செக்கெண்ணெய் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் எண்ணெய் நூறு சதவீதம் கொழுப்பு, கிராமுக்கு 9 கலோரி, நார் பூஜ்யம்.

பேலியோ நண்பர்கள் கோபிப்பார்கள் என்று தெரியும். சோற்றைக் குறைத்துக் கறி, முட்டை, வெண்ணெய் என்று கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் பேலியோ முறை தமிழ் முகநூலில் பெரிய அலையாக வந்தது, பலருக்கு எடையும் சர்க்கரையும் உண்மையாகவே குறைந்தன. அதை நான் மறுக்கவில்லை, சோற்றையும் இனிப்பையும் நிறுத்தினால் குறையத்தான் செய்யும். சீன ஆய்வும் பேலியோவைப் பற்றியதல்ல. என் கவலை வேறு. காலையில் வெண்ணெய் காபி, மதியம் முட்டை, இரவு கறி என்று மாதக்கணக்கில் போகிறவர்கள், கீரையையும் காயையும் பெயருக்கு ஒரு கைப்பிடி என்று ஆக்கிவிடக் கூடாது. கொழுப்பைக் கூட்டுகிறவருக்குத்தான் நார் இன்னும் அதிகம் தேவை.

நம்பிக்கை தரும் செய்தி ஒன்று. குடல் ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் ஓ'கீஃபின் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கும் இருபது தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர்களுக்கும் உணவை மாற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்கர்களுக்குக் கிராமத்து நார் உணவு, கிராமத்தவர்களுக்குக் கொழுப்பு மிகுந்த அமெரிக்க உணவு. இரண்டே வாரம். அமெரிக்கர்களின் பெருங்குடலில் அழற்சி குறைந்தது, பியூட்டிரேட் கூடியது. கிராமத்தவர்களுக்கு நேர்மாறாக நடந்தது. இரண்டு வாரத்தில் கெடும் என்றால் இரண்டு வாரத்தில் தேறவும் தொடங்கும்.

அதனால் நல்ல பாக்டீரியா கலந்தது என்று விற்கும் புரோபயாடிக் பாட்டில் வாங்க ஓட வேண்டியதில்லை. தயிர் நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் தயிரில் உள்ளவை பெரும்பாலும் வந்து போகிறவை. ஏற்கெனவே குடலில் குடியிருப்பவைக்குச் சாப்பாடு போட்டால் போதும். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கீரை, வாழைத்தண்டு, பண்ருட்டிப் பலாக்கொட்டை, இதெல்லாம் நம் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பொருள். நெத்திலியை வறுக்காமல் குழம்பு வைத்தால் எண்ணெயும் மிச்சம். ஒரே நாளில் நாரைக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு வரும், பயந்து நிறுத்திவிடுவீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே மாற்றுங்கள்.

தனி மனிதருக்கு அறிவுரை சொல்லி மட்டும் இது மாறாது. சாயங்காலம் நாலரை மணிக்குப் பள்ளி விடும்போது வாசலில் பஜ்ஜி, போண்டா, சமோசாதான் இருக்கிறது. பிள்ளை அதைத்தான் வாங்கும். பக்கத்தில் ஒரு தூக்கில் சுடச்சுடச் சுண்டல் இருந்தால் அதையும் வாங்கும், நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் கேன்டீன் ஒப்பந்தம் போடும்போது தினம் ஒரு அவித்த பயறு கட்டாயம் என்று எழுதலாம். காசு பெரிதாகச் செலவாகாது. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு உதவி. மஞ்சக்குப்பம், முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கமோ, புதுச்சேரியில் நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை பக்கமோ, சாயங்காலம் தவறாமல் சுண்டல், அவித்த கடலை, பயறு போடுகிற கடையோ வண்டியோ தெரிந்தால் இடத்தைக் கீழே எழுதுங்கள். பட்டியலாகத் தொகுத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கொடுக்கிறேன்.